சீன முதலீடு, இந்திய முதலீடு, நம் கடல்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கைத் துறைமுகம் ஒன்றில் சீனக் கப்பல் வந்து நின்றால், அன்று மாலை ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் டீக்கடைப் பேச்சு அதுதான். வளைகுடாவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் "ஊருக்கு ஏதும் ஆபத்தா?" என்று கேட்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். பலருக்கும் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். எனக்கென்று ஒரு கருத்து உண்டு, அதையும் மறைக்கவில்லை.

ஹம்பாந்தோட்டை இலங்கையின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே யார் துறைமுகம் கட்டினால் நமக்கு என்ன?

ராமேஸ்வரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஹம்பாந்தோட்டை சுமார் 400 கிலோமீட்டர். நம்மூரிலிருந்து சென்னை இதைவிடக் கொஞ்சம் தூரம். அந்தத் துறைமுகத்துக்குத் தெற்கே சுமார் 10 கடல் மைலில்தான் உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. வளைகுடா எண்ணெய் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போவது அந்த வழியாக. சீனா அங்கே கால் ஊன்ற நினைத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

நம் கடல் அப்படிப்பட்டதல்ல. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. ராமர் பாலத் திட்டுகளை ஒட்டிச் சில இடங்களில் ஓரிரு மீட்டர் தண்ணீர்தான். அதைத் தோண்டிப் பெரிய கப்பல்களை விடும் சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கி, வழக்குகளில் சிக்கி நின்றுவிட்டது. ஆகவே போர்க்கப்பல் எதுவும் பாம்பன் பக்கம் வந்து நிற்கப் போவதில்லை. ஆனால் இரண்டு அரசுகளுக்குள் சந்தேகம் ஏறினால், அதன் கெடுபிடி நேராக இங்கே வந்து இறங்கும். கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் இடத்தில் கேள்வி கூடும், நடுக்கடலில் சோதனை கூடும், எல்லைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டவரை விடுவிக்க நாளாகும்.

கடனைக் கட்ட முடியாததால் சீனா ஹம்பாந்தோட்டையைப் பிடுங்கிக்கொண்டது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2007இல் சீனாவின் எக்ஸிம் வங்கி முதல் கட்டத்துக்கு 30.7 கோடி டாலர் கடன் கொடுத்தது. வட்டி 6.3 சதவீதம். 2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் வரவில்லை, வருமானமும் இல்லை. 2017இல் சைனா மெர்ச்சன்ட்ஸ் என்ற சீன நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்து, துறைமுகத்தின் பெரும்பங்கை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அந்த 112 கோடி டாலர் வந்ததால் எக்ஸிம் வங்கிக் கடன் தீர்ந்துவிடவில்லை, அது இலங்கை அரசின் தலையிலேயே இருந்தது. அன்றைக்கு இலங்கைக்கு அவசரமாக டாலர் தேவைப்பட்டது. வேறு கடன்களின் தவணைகள் நெருக்கிக்கொண்டிருந்தன. கையிருந்த சொத்தைக் குத்தகைக்கு விட்டு டாலர் வாங்கினார்கள். இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற பத்திரங்கள்தான். எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும் சீனாவின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இதைச் சொன்னால் "சீனாவுக்கு வக்காலத்தா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. வருமானக் கணக்கைச் சரியாகப் போடாமல், அன்று ஆட்சியில் இருந்தவரின் சொந்த மாவட்டத்தில் துறைமுகம் கட்ட ஆறு சதவீதத்துக்கு மேல் வட்டிக்குக் கொடுத்தவனும் பொறுப்பு, வாங்கியவனும் பொறுப்பு. விலை கொடுத்தது சாதாரண ஜனம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அதற்கு முந்தைய மாதமே மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் கைக்குழந்தையோடு தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, நம் கடலோரக் காவல்படை போய் அழைத்து வந்தது. பால் மாவு கிடைக்கவில்லை, அரிசி வாங்க முடியவில்லை என்று வந்தார்கள். மண்டபம் அகதிகள் முகாமில் மறுபடி அறைகள் நிரம்பின. ஒரு நாட்டின் கடன் கணக்கு பக்கத்து ஊர்க் கரையில் எப்படி வந்து ஒதுங்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

அப்படியானால் பாதுகாப்புக் கவலை வெறும் அரசியல் பேச்சுதானா?

அப்படியும் சொல்ல முடியாது. 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு முறை கொழும்பில் வந்து நின்றது. அதுவும் சீன நிறுவனம் நடத்தும் கொள்கலன் முனையத்தில். வணிகத்துக்கென்று கட்டிய இடம் வேறு காரியத்துக்கும் உதவும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற கப்பல் ஹம்பாந்தோட்டைக்கு வந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் தடமறியும் கப்பல் அது. இந்தியா ஆட்சேபித்தும் இலங்கை அனுமதித்தது. 2023 அக்டோபரில் ஷி யான் 6 என்ற ஆய்வுக் கப்பல் கொழும்புக்கு வந்தது. அதன் பிறகு 2024 முழுக்க எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி இல்லை என்று இலங்கை நிறுத்தி வைத்தது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய உறுதிமொழி இருக்கிறது. 1987 ஜூலை இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை என்று எழுதியிருக்கிறது. இந்தியா இன்றும் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த வாசகத்தை. 2024 டிசம்பரில் டெல்லி வந்த அதிபர் அநுர குமார திசாநாயக்கவும் இலங்கை மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்றே சொன்னார். 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

சீனத் திட்டம் நம் கரைக்கு மிக அருகில் வந்தது எப்போது?

2021இல். இது பலருக்கு மறந்துபோன கதை, விவரமாகச் சொல்ல வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றும் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகள். நெடுந்தீவு ராமேஸ்வரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள். டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் தீவுகளுக்குச் சூரிய ஒளி, காற்று, பேட்டரி மூன்றும் கலந்த மின் திட்டம் ஒன்றை இலங்கை வகுத்தது. பணம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். முறைப்படி டெண்டர் விட்டார்கள். 2021 ஜனவரியில் சினோசோர் என்ற சீன நிறுவனமும் அதன் கூட்டாளியும் அதை எடுத்தன.

டெல்லி உடனே எதிர்த்தது. அதே திட்டத்தைக் கடனே இல்லாமல் மானியமாகச் செய்து தருகிறோம் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதாகவும், அதே நிறுவனம் மாலத்தீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின் ஒப்பந்தம் போட்டுவிட்டதாகவும் கொழும்பில் உள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் திட்டம் இந்தியாவின் கைக்கு வந்தது. 2024 மார்ச்சில் 1.1 கோடி டாலர் இந்திய மானியத்தில், பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட். நாட்டு அளவில் இது சின்னத் திட்டம். ஒரு நகரத்து வணிக வளாகத்துக்கு ஆகும் மின்சாரத்தைவிடப் பெரிதாக இராது.

சூரியப் பலகையை வைத்து யாரும் உளவு பார்க்க முடியாது என்று கேலி செய்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பலகை வந்தால் பராமரிப்பு ஆள் வருவான், இறங்குதுறை வரும், தொலைத்தொடர்பு வரும். இந்தியா பதறியதில் காரணம் இருக்கிறது. ஆனால் இதே கதையை நெடுந்தீவு வீட்டு வாசலிலிருந்து பாருங்கள். 2021 ஜனவரியில் கிடைத்திருக்க வேண்டிய வேலை மூன்று ஆண்டு கழித்து மறுபடி ஒப்பந்த நிலைக்கு வந்து நின்றது. அந்த மூன்று வருடமும் அங்கே டீசல்தான். இரண்டு பெரிய நாடுகள் கவலைப்பட்டதற்கு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தீவு ஜனங்கள்.

சீனத் தூதர் ராமர் பாலத்துக்கே வந்தாராமே?

வந்தார். 2021 டிசம்பரில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பயணத்தின்போது இலங்கைக் கடற்படைப் படகில் திட்டுகள் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நல்லூர்க் கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனதும் அந்தப் பயணத்தில்தான். படம் பிடித்துக் காட்டியதைத் தாண்டி அதில் வேறு ஒன்றும் இல்லை.

கடல் அட்டைப் பண்ணைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் ஊர்ப் பெரியவர்கள் மூழ்கி எடுத்த கடல் அட்டையை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் தடை செய்திருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. இலங்கையில் உரிமம் வாங்கினால் எடுக்கலாம், வளர்க்கலாம். சரக்கு போய்ச் சேரும் இடம் சீனாவும் ஹாங்காங்கும். அதனால்தான் மண்டபம், வேதாளை பக்கம் அடிக்கடி அட்டை பிடிபடுகிறது. அண்டாவில் அவித்து, உப்பில் போட்டு, வெயிலில் காயவைத்தால் கைப்பிடி நீளம் இருந்தது விரலளவுக்குச் சுருங்கிவிடும். மூட்டையில் அடக்கி அந்தப் பக்கம் கடத்தினால் சட்டப்படியான சரக்கோடு கலந்துவிடும்.

2021இல் கிளிநொச்சி மாவட்டம் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள நிறுவனம் ஒன்று அட்டைப் பண்ணை போட்டது. அங்குள்ள மீனவர்கள் எதிர்த்தார்கள். கம்பு நட்டு வலை கட்டி ஆழமில்லாத களக்கடலை வளைத்துவிட்டால், கரையோரம் இறால் பிடிப்பவருக்கும் சின்ன வள்ளக்காரருக்கும் போக வழி இல்லை. நம் செய்திகளில் இது "சீனா வந்துவிட்டது" என்று மட்டும் வந்தது. அவர்களின் முறைப்பாடு, தங்களைக் கேட்காமல் தங்கள் கடலைக் கொடுத்தது பற்றி. உள்ளூர் முதலாளிகளின் பண்ணைகள் மீதும் அவர்களுக்கு அதே கோபம் உண்டு.

வெளிநாட்டுப் பணம் என்றாலே கெடுதல்தானா?

நம் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. மண்டபம் பகுதியில் 2000ஆம் ஆண்டு வாக்கில் பெப்சி நிறுவனம் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பைக் கொண்டுவந்தது. இன்றும் ஊரில் அதற்குப் பெப்சிப் பாசி என்றுதான் பேர். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விடுவார்கள். 45 நாளில் அறுவடை. சுய உதவிக்குழுப் பெண்களின் கைக்கு முதல்முறையாக நிலையான காசு வந்தது அதில்தான். சில ஆண்டுகளில் நிறுவனம் விலகி வேறு கைக்குப் போனது. அந்த வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இரண்டும் உண்மை.

இந்தியா அங்கே என்ன முதலீடு செய்திருக்கிறது?

நிறைய. போருக்குப் பின் மதவாச்சி–தலைமன்னார் ரயில் பாதையைத் திரும்பப் போட்டது இந்திய அரசு நிறுவனமான இர்கான். 2022 நெருக்கடியில் கடனும் உதவியுமாகச் சுமார் 400 கோடி டாலர் போனது. தமிழ்நாடு அரசு தனியாக 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, மருந்துகள் அனுப்பியது. திருகோணமலையில் பிரிட்டிஷ்காரர்கள் கட்டிய 99 எண்ணெய்த் தொட்டிகள் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம்: 61 தொட்டி கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைக்கு, 14 இந்தியன் ஆயிலின் இலங்கைத் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு. சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம். கொழும்பு மேற்கு முனையத்தில் அதானி குழுமத்துக்கு 51 சதவீதம். 2025 ஏப்ரலில் அது இயங்கத் தொடங்கியது.

தோற்றதும் உண்டு. கொழும்புக் கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்த 2019இல் செய்த உடன்பாட்டை, துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் இலங்கை 2021 பிப்ரவரியில் கைவிட்டது.

மன்னார் காற்றாலையை எதிர்த்தவர்கள் இந்தியாவுக்கு எதிரானவர்களா? பின்னால் சீனாவா?

இப்படிக் கேட்பதே எனக்கு வருத்தம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைக்கு அதானி குழுமம் திட்டமிட்டது. அதை எதிர்த்தவர்கள் கேட்டது மூன்று. டெண்டர் ஏன் இல்லை? யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலை ஏன் இவ்வளவு? வலசைப் பறவைகள் இறங்கும் பாதையில் ஏன்? 2024இல் வந்த புதிய இலங்கை அரசு விலையை மறுபரிசீலனைக்கு எடுத்தது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

அந்தப் பறவைகள் நம் தனுஷ்கோடிச் சதுப்புக்கும் வருகின்றன. ஹம்பாந்தோட்டைக் கடனுக்குக் கணக்குக் கேட்கும் நாம், மன்னார்க்காரர் நம் நாட்டு நிறுவனத்திடம் கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. டெண்டர் இருந்ததா, விலை நியாயமா, அங்கே வாழ்பவரைக் கேட்டார்களா, ராணுவம் உள்ளே வர வழி இருக்கிறதா என்பவற்றை எந்தக் கொடி பறந்தாலும் கேட்க வேண்டும். கொடியைப் பார்த்துக் கேள்வியை மாற்றிக்கொண்டால் அந்தப் பக்கத்துத் தமிழர்களே நம்மை நம்ப மாட்டார்கள்.

கச்சத்தீவு நம் கையில் இருந்தால் இந்தக் கவலையே இருக்காதே?

கச்சத்தீவு 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லாத தீவு. 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கைப் பக்கம் போனது. 1976இல் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்றும் ஆனது. வலை உலர்த்தவும் அந்தோணியார் திருவிழாவுக்கும் போன உரிமை பற்றிய நம் வருத்தம் நியாயமானது. ஆனால் தீவு நம்மிடம் இருந்தாலும் ஹம்பாந்தோட்டையில் யார் இருப்பார் என்பது மாறியிருக்காது. நம் விசைப்படகுகள் தேடிப்போகும் மீனும் கச்சத்தீவைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கத்தில் இருக்கிறது.

மீனவர் பிரச்சினையையும் சீனாவையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

இந்தக் கரையின் பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது என்று நம்புவதால்.

கடலடியை வாரி இழுக்கும் வலை கொண்ட நம் இழுவைமடிப் படகே ஒரு வெளிநாட்டு உதவியின் வழியில் வந்தது. கேரளத்தில் 1950களில் தொடங்கிய இந்தோ–நார்வே திட்டம் 1960களில் மண்டபம் வரை வந்தது. இறால் ஏற்றுமதியில் டாலர் வந்தது, அரசு மானியம் கொடுத்தது, படகுகள் பெருகின. பிறகு இலங்கையில் போர். வடக்கு மீனவர் கடலில் இறங்கவே தடை. அந்தக் காலத்தில் நம் படகுகள் அங்கே தாராளமாக மடி இழுத்தன. 2009க்குப் பின் அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, இரவில் போட்டுவைத்த வலைகளை நம் படகுகள் அறுத்துக்கொண்டு போயின. கடன் வாங்கி வாங்கிய வலை. அறுபட்டவரும் தமிழர், அறுத்தவரும் தமிழர். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டமாகவே தடை செய்தது. 2024இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நம் மீனவர்கள் கைதானார்கள். அந்த ஆகஸ்டில் கச்சத்தீவு அருகே கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் உயிரையே விட்டார்.

இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்கு மாற 2017இல் 1,600 கோடி ரூபாயில், 2,000 படகுகளுக்கு ஒரு திட்டம் வந்தது. இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. ஒரு நாளில் போய்த் திரும்பும் தொழில் பழகியவரைத் திடீரென்று வாரக்கணக்கில் சூரைமீன் தேடிப் போகச் சொன்னால் போவாரா? தவணை கட்ட முடியுமா? என்னைக் கேட்டால், கொழும்பில் ஒரு முனையத்துக்குப் போடும் பணத்தில் சிறு பங்கை இந்தப் படகுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் செலவழிப்பது பெரிய பாதுகாப்பு முதலீடு. வடக்கு மீனவர் நம்மைப் பகையாகப் பார்த்தால், 2021 டிசம்பரில் சீனத் தூதர் வந்ததுபோல யார் நிவாரணப் பொருளோடும் வலையோடும் வந்தாலும் கை நீட்டி வாங்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

உச்சிப்புளி விமானதளம் எதற்கு?

2009இல் கடற்படை விமான நிலையமாக ஆன ஐ.என்.எஸ். பருந்து அது. பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் ஹெலிகாப்டர், ஆளில்லா விமானங்களால் கண்காணிக்கிறார்கள். புயலில் சிக்கிய படகைத் தேடவும் அவைதான் பறக்கின்றன.

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் மறுபடி வருமா? பாலம் போடுவார்களா?

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் மறுபடி ரயில் என்று ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர் வந்ததும் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலையும் விரைவில் தொடங்க முயல்வதாக 2024 டிசம்பரில் இரு நாடுகளின் கூட்டறிக்கை சொல்கிறது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தாயிற்று. அந்தப் பக்கம் தலைமன்னார் வரை தண்டவாளம் இருக்கிறது. இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்.

தரைப்பாலம் பற்றி 2023 முதல் பேச்சு நடக்கிறது. இலங்கையில் பலருக்கு அதில் அச்சம். பவளத்துக்கும் திட்டுகளுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வியும் பெரியது. அதற்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு இறங்குதுறை, குடிவரவு, சுங்க அலுவலகம், ஒரு சின்னக் கப்பல் போதும். இன்றைக்கு மன்னாரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மண்டபத்துக்காரர் மதுரை போய், விமானத்தில் கொழும்பு இறங்கி, அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்பி வர வேண்டியிருக்கிறது.